பதினோராம் கட்டிலுக்கு வந்த பூ

பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில், பெரிய சிஸ்டரின் மேசை மேல் ஒரு காகிதம் மூன்று நாளாகக் கிடந்தது. முதல் நாள் அதன் மேல் பேனா கிடந்தது. இரண்டாம் நாள் மருந்துப் பட்டியல் ஏறி உட்கார்ந்தது. மூன்றாம் நாள் யாரோ டீ கிளாஸை வைத்துவிட்டுப் போனதில் வட்டமாகக் கறை பிடித்திருந்தது. அவள் அதைப் பார்க்காமல் இல்லை. கையில் எடுக்கும்போதெல்லாம் இருபத்தெட்டுக் கட்டில்களில் ஏதாவது ஒன்றிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள்.

காகிதம் புது நிர்வாகியிடமிருந்து வந்தது. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் பூ கொண்டுவரக் கூடாது என்ற தடையை நீக்கலாமா, வைத்துக்கொள்ளலாமா என்று வார்டு பொறுப்பாளர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். வருகிறவர்கள் வாசலில் போடும் புகார்ச் சீட்டுகளில் பாதி இதைப் பற்றித்தானாம்.

தடையே அவளால் வந்ததுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் பூச்சாடி இருந்தது. சாடி போதாமல் ஜூஸ் பாட்டிலில் வைத்தார்கள், அளவு ஜாடியில் வைத்தார்கள், ஒருத்தர் பெரிய மனசு பண்ணி மூத்திரக் குடுவையைக் கழுவி அதிலும் வைத்தார். இரண்டாம் நாளே தண்ணீர் நாறும். மாற்ற வேண்டியது வார்டு ஆட்கள். ஒரு மாலை, பதினாறாம் கட்டிலில் கவிழ்ந்த சாடித் தண்ணீரில் வழுக்கி, வார்டு உதவியாளர் ஒருத்தி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். பெரிய சிஸ்டர் அறிக்கை எழுதினாள். எதைப் பார்த்தாலும் அதில் எத்தனை கிருமி இருக்கும் என்று கணக்குச் சொல்லுவதால் கிருமி டாக்டர் என்று பெயரெடுத்தவர் அதை ஆமோதித்தார். ஒரே வாரத்தில் தடை வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வாரத்துக்குள் நடந்து முடிந்த காரியம் அவளுக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அதனால் பதில் எழுதுவது அவளுக்குச் சிரமமே இல்லை. "தடை தொடரட்டும்" என்று இரண்டு வார்த்தை. எழுத உட்காரத்தான் நேரமில்லை. ரிடையர் ஆக ஒன்பது மாதம் இருந்தது. கணுக்கால்கள் மத்தியானத்துக்கே வீங்கிவிடும். ஷூ கயிற்றைத் தளர்த்தித் தளர்த்தி, இப்போதெல்லாம் அதைக் கட்டுவதையே விட்டுவிட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் பதினோராம் கட்டிலுக்கு அவளுடைய அண்ணி வந்து சேர்ந்தாள்.

குடல் முறுக்கிக்கொண்டு, துடித்துக்கொண்டு வந்தவளை அன்றைக்கே அறுத்துச் சரிசெய்தார்கள். மூக்கில் குழாய், கையில் சொட்டு மருந்து. வாய் வழியே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. உதடு காய்ந்தால் பஞ்சை நனைத்துத் தடவலாம், அவ்வளவுதான். நாலு நாளாக அந்தப் பஞ்சை பெரிய சிஸ்டரே தடவினாள். மற்றவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒன்பது வருஷமாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

பெரிய சிஸ்டருக்குப் பதினாலு வயசாகும்போது அண்ணி அந்த வீட்டுக்கு வந்தாள். நர்ஸ் படிப்புக்கு அனுப்பச் சொல்லி வீட்டில் மல்லுக்கு நின்றவளும் அவள்தான். பிறகு அம்மா படுக்கையில் விழுந்தபோது இரண்டு வருஷம் அள்ளிக் கொட்டினதும் அவள்தான். அம்மா போன அன்றைக்கு வார்டில் மூன்று பேர் வரவில்லை. மாற்ற ஆளில்லாமல், பெரிய சிஸ்டர் வீடு போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆயிற்று. வாசலிலேயே அண்ணி சொன்னாள்: "ஊருக்கெல்லாம் நர்ஸு. பெத்தவளுக்கு மட்டும் நேரமில்ல." வீடு நிறைய ஆள் இருந்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குள் நல்லது கெட்டதுக்கு "வாங்க", "வரேன்" என்பதோடு சரி.

புதன்கிழமை சாயங்காலம், பார்வையாளர் நேரம் தொடங்கிக் கால் மணி ஆகியிருந்தது. வாசலிலிருந்து காவலாளி போன் பண்ணினான்.

"சிஸ்டர், உங்க அண்ணன் வந்திருக்காரு."

"மேல அனுப்புங்க. கட்டில் நம்பர் அவருக்குத் தெரியுமே."

"அதில்ல சிஸ்டர். கையில பூ வச்சிருக்காரு. உள்ள விடக் கூடாதுன்னு சொன்னேன். சரின்னுட்டு வெளி பெஞ்சுல உக்காந்துட்டாரு. பூவை எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்கன்னாலும் குடுக்க மாட்டேங்கிறாரு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

அவள் கீழே போனாள். லிஃப்ட் வழக்கம்போல மூன்றாம் மாடியில் யாருக்காகவோ தவம் கிடந்தது. படியிறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் தனித்தனியாகப் பதில் சொன்னது.

அண்ணன் லேத் பட்டறையில் நாற்பது வருஷம் நின்றவர். இரும்புத் தூள் ஏறிக் கறுத்த விரல்கள். அந்த விரல்களுக்கு நடுவே மஞ்சளும் வெள்ளையுமாகச் சாமந்திக் கொத்து ஒன்று, செய்தித்தாளில் சுற்றி. ஸ்பானரைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார்.

"வா பாப்பா," என்றார்.

ஐம்பத்தேழு வயது பெரிய சிஸ்டரை ஒருத்தர் பாப்பா என்று கூப்பிட்டதில் காவலாளி தலையைத் திருப்பிக்கொண்டு மீசைக்குள் சிரித்தான்.

"என்னண்ணா இது? பூ கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"இவரு சொன்னாரு. உங்க தங்கச்சி போட்ட சட்டம்தான் சார்னு சொன்னாரு." அவர் குரலில் கோபம் இல்லை. "பழம் வாங்கலாம்னு போனேன். அவதான் எதையும் சாப்பிடக் கூடாதே. பிஸ்கட் கூடாது, சூப் கூடாது. நாலு நாளா வெறுங்கையோட வந்து நிக்கிறேன் பாப்பா. பக்கத்துக் கட்டிலுக்கு வர்றவங்க பை பையா கொண்டுவர்றாங்க. அவ அதையே பாத்துட்டுப் படுத்திருக்கா. கடைக்காரப் பொம்பள, சாப்பிட முடியாதவங்களுக்குப் பூ குடுங்கன்னா. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு."

"அண்ணிக்கு இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் பூ வாங்கிக் குடுத்திருக்கியா?"

அவர் யோசித்தார். "இல்லன்னுதான் நினைக்கிறேன்," என்றார்.

அவளுக்குச் சட்டென்று சோர்வு தலைக்கேறியது. முந்தின நாள்தான் இருபத்திரண்டாம் கட்டில் அம்மாவின் மகள் ரோஜாக் கொத்தோடு வந்து கெஞ்சினாள். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தாம்மா" என்று திருப்பி அனுப்பியிருந்தாள். அந்தப் பெண் ரோஜாவைக் குப்பைத்தொட்டிக்குள் போட மனசில்லாமல் மூடி மேல் வைத்துவிட்டுப் போனதை அவளே பார்த்தாள். இப்போது இந்தச் சாமந்தி படியேறினால் இருபத்தெட்டுக் கட்டிலும் பார்க்கும்.

"உள்ள விட முடியாதுண்ணா," என்றாள்.

"நான் கேக்கவே இல்லையே," என்றார் அவர். "வாங்கிட்டேன். தூக்கிப் போட மனசு வரல. நேரம் முடியிற வரைக்கும் இங்க இருந்துட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன். வந்தேன்னு அவகிட்டச் சொல்லிடு."

அவள் மறுபடி படியேறினாள். பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். நாலாம் நாள், அண்ணியை உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று காலையில்தான் டாக்டர் எழுதியிருந்தார். உட்காருகிறவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன?

வார்டுக்கு வந்ததும் உதவியாளரைக் கூப்பிட்டாள். இவளும் பழைய ஆள்தான். வாயை மூடுகிற பொத்தான் கிடையாது என்பதால் ரேடியோ அக்கா என்று பெயர். ஏழு வருஷத்துக்கு முன்னால் பூத்தண்ணீரில் விழுந்தவள் இவளேதான். இப்போதும் இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாள்.

"அக்கா, நாற்காலி எடுத்துட்டு வாங்க. பதினொண்ணை வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும்."

"எக்ஸ்ரேவா சிஸ்டர்?"

"இல்ல. பூ பாக்க."

ரேடியோ அக்கா அரை நிமிஷம் பேசாமல் நின்றாள். அவள் வாழ்க்கையில் அது பெரிய இடைவெளி.

அண்ணி எதுவும் கேட்கவில்லை. தூக்கி உட்கார வைத்தபோது வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள். சொட்டு மருந்துக் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பெரிய சிஸ்டர் பக்கத்தில் நடந்தாள். நாற்காலியின் முன் சக்கரம் ஒன்று தன் போக்குக்கு இடப்பக்கமே இழுத்தது. லிஃப்டுக்குப் பத்து நிமிஷம் காத்தார்கள். அந்தப் பத்து நிமிஷமும் ரேடியோ அக்கா தன் மருமகனின் குணநலன்களை விவரித்தாள்.

வாசலில் அண்ணன் எழுந்து நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் பூக்கொத்தை முதலில் தங்கையிடம் நீட்டி, பிறகு திருத்திக்கொண்டு மனைவியின் மடியில் வைத்தார்.

அண்ணி பூவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மூக்குக் குழாயோடு கரகரத்த குரலில் கேட்டாள்:

"இதுக்கா என்னை இவ்வளவு தூரம் தள்ளிக்கிட்டு வந்தீங்க?"

"பிடிக்கலையா?" என்றார் அண்ணன்.

"பிடிக்குது பிடிக்கல என்ன இருக்கு? நான் செத்துப் போயிடுவேன்னு டாக்டர் எதுவும் சொன்னாரா?"

"சீச்சீ."

"அப்ப எதுக்கு பூவெல்லாம்? நாப்பது வருஷமா இல்லாத வழக்கம்?" சொல்லிக்கொண்டே செய்தித்தாளைப் பிரித்தாள். உள்ளே நசுங்கியிருந்த ஒரு பூவை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, மற்றவற்றைத் தட்டி நிமிர்த்தினாள். வாசனை பார்க்கவில்லை. குழாயோடு முடியவும் முடியாது. விரலால் ஒவ்வொரு பூவையும் தொட்டுத் தொட்டு வைத்தாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பட்டறையில் யாரோ விசாரித்ததாகச் சொன்னார். பிறகு கொண்டுவந்த தண்ணீரை அவர் குடிக்கப்போய், அவள் முகத்தைப் பார்த்ததும் குடிக்காமல் மூடி வைத்தார்.

ரேடியோ அக்காவை வார்டுக்கு அனுப்பிவிட்டு, பெரிய சிஸ்டர் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அண்ணன் கழிப்பறை தேடிப் போனார்.

"உக்காரேன். எத்தனை நேரம் நிப்ப?" என்றாள் அண்ணி.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தது.

"நாலு நாளா உன்னைத்தான் பாத்துட்டுக் கிடக்கேன்," என்றாள் அண்ணி. "படுத்தா வேற என்ன வேலை. நேத்து நீ சாப்பாட்டு டப்பாவை மூணு தடவை திறந்த. மூணு தடவையும் யாரோ கூப்பிட்டாங்க. அப்படியே மூடி வீட்டுக்குக் கொண்டுபோன."

"பழகிடுச்சு அண்ணி."

"தினமும் இப்படித்தானா?"

"இன்னைக்கு ரெண்டு பேர்தான் லீவு. பரவாயில்ல."

அண்ணி பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு மூணு பேர் வரலன்னு சொன்ன. நான் நம்பல," என்றாள். பெரிய சிஸ்டர் ஷூவைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

போகும்போது அண்ணன் பூவைத் திருப்பி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் சாயங்காலம் இருபத்திரண்டாம் கட்டில் அம்மாவின் மகள் வந்து நின்றாள். "சிஸ்டர், எங்கம்மாவையும் கீழ கூட்டிட்டுப் போலாமா? நானே தள்றேன்." மறுக்க முகமில்லை. அவள் போவதைப் பார்த்து ஆறாம் கட்டில் கேட்டது, பதினேழு கேட்டது. இருப்பது ஒரு நாற்காலி. அதுவும் இடப்பக்கமே போகிற நாற்காலி. ஆறாம் கட்டிலுக்குப் பூ கொண்டுவர யாருமே இல்லை, சும்மா வெளியே பார்க்க வேண்டுமாம். மூன்றாம் கட்டில் பெண்ணை அசைக்கவே கூடாது. அவள் புருஷன் வாசலில் லில்லிப் பூவோடு நின்று போனில் படம் எடுத்து அனுப்பினான். அவள் படத்தைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தாள். ஆறு மணிக்கு ரேடியோ அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மருந்து அலமாரிப் பக்கம் முக்காலியில் சாய்ந்தாள்.

"நல்ல காரியம் ஆரம்பிச்சு வச்சீங்க சிஸ்டர். பூவு மேல வந்தாலே தேவலாம் போல இருக்கு. இப்ப ஊரே கீழ போகுது."

பெரிய சிஸ்டர் கறை பிடித்த காகிதத்தை எடுத்தாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. "நீங்க சொல்லுங்கக்கா. பூ வரலாமா, வேண்டாமா? விழுந்தவங்க நீங்கதானே."

ரேடியோ அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "என்னை யாரும் இதுவரைக்கும் கேக்கலையே," என்றாள். "ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப எல்லாரும் வந்து பாத்தாங்க. எப்படி விழுந்தீங்கன்னு கேட்டாங்க. பூத்தண்ணியிலன்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க."

"பூத்தண்ணிதானே?"

"தண்ணிதான். ஆனா அந்தத் தண்ணி கவுந்து அரை மணி நேரம் ஆச்சு சிஸ்டர். நான் பாத்துட்டுத்தான் போனேன். துடைக்கலாம்னு துணி எடுக்கறதுக்குள்ள எட்டாம் நம்பர் வாந்தி எடுத்தாங்க. அதைச் சுத்தம் பண்றதுக்குள்ள ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து ஆள் வந்தாங்க. அன்னைக்கு என்னோட இருக்க வேண்டியவ வரல. வேற ஆள் அனுப்பல. ரெண்டு பேர் வேலையை ஓடி ஓடிப் பாத்தேன். அந்த ஓட்டத்துலதான் விழுந்தேன். பூ இல்லன்னா வாந்தியில விழுந்திருப்பேன். வாந்திக்குத் தடை போட முடியுமா?"

பெரிய சிஸ்டர் பேனாவைத் திறந்தவள் அப்படியே வைத்திருந்தாள். அந்த அறிக்கையை எழுதினவள் அவள்தான். ஆள் குறைவு என்றும் அதில் ஒரு வரி முதலில் இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டால் சீக்கிரம் நடக்கும் என்று அப்போதைய நிர்வாகி சொன்னார். எடுத்துவிட்டாள். சீக்கிரம்தான் நடந்தது.

அன்று வீட்டுக்குப் போகாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினாள். அசைக்க முடியாதவர்கள், வாயால் சாப்பிட முடியாதவர்கள் இருக்கும் வார்டுக்குப் பூ வரலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வேண்டாம். கொண்டுவருமுன் படுத்திருப்பவரைக் கேட்க வேண்டும். தண்ணீர்ச் சாடி கூடாது. கொண்டுவந்தவர் மறுநாள் பழையதை எடுத்துப் போக வேண்டும். கடைசியில், ஏழு வருஷத்துக்கு முன் விட்டுப்போன வரியைச் சேர்த்தாள்: உதவியாளர் விழுந்ததற்குக் காரணம் ஆள் குறைவு, அதை அன்று நான் எழுதாமல் விட்டது தவறு, சாயங்கால நேரத்துக்கு வார்டுக்கு இரண்டாவது உதவியாளர் வேண்டும்.

பதில்களைப் பேச நிர்வாகி கூட்டிய கூட்டத்தில் கிருமி டாக்டர் சண்டை போடுவார் என்று நினைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாடித் தண்ணியில கிருமி இருக்கு, அது நிஜம்," என்றார். "ஆனா உண்மையைச் சொல்லணும்னா, பூவால இங்க ஒருத்தருக்குக்கூட தொற்று வந்ததா என்கிட்ட பதிவு இல்ல. கை கழுவாம வர்ற ஆளுங்களால வந்ததுக்குத்தான் கட்டு கட்டா இருக்கு. அதுல நம்ம டாக்டருங்களும் உண்டு."

நிர்வாகி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பழைய அறிக்கையைப் பற்றி அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்ப எதுக்கு இதைச் சொல்றீங்க?" "இப்பத்தான் கேட்டீங்க" என்றாள் அவள். அடுத்த வாரம் ஆணை வந்தது. பார்வையாளர் நேரத்தில், சாடி இல்லாமல், நோயாளி சம்மதித்தால் பூ கொண்டுவரலாம். இரண்டாவது உதவியாளர் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது. ரேடியோ அக்காவுக்குப் படித்துக் காட்டினாள். "பரிசீலனைன்னா இல்லன்னு அர்த்தம். அது எனக்கே தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். பெரிய சிஸ்டர் அன்றே நினைவூட்டுக் கடிதம் ஒன்று எழுதினாள். அதன் பிறகு திங்கட்கிழமைதோறும் ஒன்று.

முதலில் வந்த பூ மூன்றாம் கட்டிலுக்கு. அந்தப் பெண் அதை மார்பின் மேல் வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். ஒன்பதாம் கட்டில் தன் மகன் கொண்டுவந்ததை வேண்டாம் என்றாள். வாசனை குமட்டுகிறதாம். அவன் முகம் விழுந்துவிட்டது. "அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்றாள் பெரிய சிஸ்டர். காலைப் பிடித்துவிட வேண்டுமாம். அவன் பூவை ஜன்னலில் வைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

பன்னிரண்டாம் நாள் அண்ணி வீட்டுக்குப் போனாள். கிளம்பும்போது மாத்திரைச் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானே?" என்றாள்.

"ஆள் வந்தா லீவுதான்."

"வந்தா வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தார்கள். பதினோரு மணிக்கு அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். முன்னறையில் அம்மா படுத்திருந்த கட்டில் அதே சுவரோரம் கிடந்தது. உட்காரச் சொன்னார்கள், அதில் உட்கார்ந்தாள். அண்ணி எதிரே நாற்காலியில் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு, டாக்டர் எதையெல்லாம் சாப்பிடச் சொன்னார், இந்த மனுஷன் எதையெல்லாம் சமைக்கத் தெரியாமல் கெடுத்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் உம் கொட்டினாள். ஷூவைக் கழற்றினாள். கொஞ்சம் சாய்ந்தாள்.

"அப்புறம் உங்கம்மா கடைசியில உன்னைக் கேட்டாங்களான்னு நீ எங்கிட்டக் கேட்டதே இல்ல," என்று அண்ணி ஆரம்பித்தாள். "கேட்டாங்க. டூட்டி முடிஞ்சு வருவான்னு சொன்னேன். சரின்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. கோவிச்சுக்கல. அதை உங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்..."

அது அவள் காதில் விழுந்தது. பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். வாய் திறப்பதற்குள் கண் செருகிக்கொண்டு போயிற்று. அண்ணன் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "என்ன, தூங்கிட்டாளா? சாப்பிடவே இல்லையே, எழுப்பட்டுமா?" என்று கேட்டது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"எழுப்பாதீங்க," என்றாள் அண்ணி. "அந்த ஜன்னலைச் சாத்துங்க, முகத்துல வெயில் அடிக்குது."